அக்கா என்று எழுதுவதற்கு முன்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
9 ஜனவரி 1997

தூறல் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அம்மா வாங்கி டிவி மேல் வைத்திருந்தார். உறையில் ஜூலியானா என்று பெண் பெயர் இருந்ததால் பிரிக்கவில்லை. "யார் இது, வேதக்காரப் பிள்ளையா?" என்று மட்டும் கேட்டார். தோழி என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தோழி இருப்பது அவருக்குப் புதுச் செய்தி.

உங்களை அக்கா என்று எழுத வேண்டும். நீர்முனையில் எட்டு மாதமாகத் தூறல் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். காகிதத்தில் எழுதும்போது பேனா நின்றுவிடுகிறது. நீங்கள் அக்காதானா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. மன்னிக்கவும்.

நீர்முனையில் நான் பார்த்ததெல்லாம் எழுத்து மட்டும்தான். அங்கே படம் கிடையாது, குரல் கிடையாது. 'வடக்கே போ' என்று அடித்தால் ஒரு தெரு வரும், அதுவும் நாலு வரி எழுத்தாக. வெளிநாட்டில் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் கம்ப்யூட்டருக்குள் கட்டிய ஊர் அது. நாம் எல்லோரும் அதில் வாக்கியத்தாலேயே வீடு கட்டிக்கொண்டோம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் எதை நம்பினேன் என்று எனக்கே ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நான் கட்டிய கலங்கரை விளக்கத்துக்கு முதலில் ஏறி வந்தது நீங்கள். படியில் உட்கார்ந்து, 'இங்கே காற்று நன்றாக இருக்கிறது' என்று எழுதினீர்கள். காற்றை நான் எழுதவே இல்லை. அன்று முதல் உங்களை நம்பினேன்.

ஆனால் போன ஆகஸ்டில் என்ன ஆனது என்று நினைவிருக்கும். கொடிமுல்லை என்ற பெண் ஈப்போவில் ஒரு மீசைக்காரர் என்று தெரிந்தது. அவரிடம் நான் என் அம்மாவோடு போட்ட சண்டையெல்லாம் சொல்லியிருந்தேன். மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் கோலாலம்பூரில் செக்ரட்டரி வேலை பார்ப்பதாகச் சொன்னீர்கள். கடித உறையில் தபால் முத்திரை புக்கிட் மெர்தாஜாம். விளக்குக்குக் கீழே பிடித்து மூன்று தடவை பார்த்தேன். உங்கள் கையெழுத்து எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, பேனாவை அழுத்தி, பெண் எழுத்து போல இல்லை. இன்னொன்றும் உண்டு. நீர்முனையில் நான் ஒரு வரி எழுதினால் உங்கள் பதில் வர எப்போதும் நேரம் எடுக்கும். பக்கத்தில் யாரையோ கேட்டு எழுதுகிறீர்களோ என்று அப்போதே நினைத்தேன்.

உண்மையை எழுதுங்கள். ஆணாக இருந்தாலும் எழுதுங்கள். டிசம்பர் பத்தாம் தேதி நீங்கள் அங்கே வராமல் போனதிலிருந்து நான் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை. நீங்களும் பொய் என்றால் எனக்குப் பேச வேறு யாரும் இல்லை. அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன்.

மீன்கொத்தி
(செல்வநாயகி)


புக்கிட் மெர்தாஜாம்
16 ஜனவரி 1997

அடியே மீன்கொத்தி,

நீ போலீஸ்ல சேரலாம்லா. முத்திரைய விளக்குல பிடிச்சுப் பாத்தியாமே! எங்கப்பா பாக்கியசாமி முப்பது வருஷமா லாரி ஓட்டுறாரு, ரோட்டுல நிறுத்துற போலீஸ்காரங்கூட அவர இப்படிச் சோதிச்சதில்ல.

சரி, ஒத்துக்கிறேன். கோலாலம்பூர் பொய். செக்ரட்டரியும் பொய். புக்கிட் தெங்காவுல ஒரு பேக்டரியில ஸ்டோர் கிளார்க்கு நான். ஆணி எத்தன, அட்டப்பெட்டி எத்தனன்னு எழுதுற வேல. வயசு இருபது, அது நெசம். பொம்பள, அதுவும் நெசம். இதுக்கு மேல எப்படி நிரூபிக்கிறதுன்னு எனக்குத் தெரியல.

ஏன் பொய் சொன்னேன்னு கேப்ப. நீர்முனைக்குள்ள நான் நுழைஞ்ச மொத நாள், சந்தையில நாலு பேரு நின்னாங்க. எந்த ஊருன்னு கேட்டாங்க. ஒருத்தரு லண்டன், ஒருத்தரு டொராண்டோ, ஒருத்தரு சிட்னி. என் முறை வந்துச்சி. புக்கிட் தெங்கான்னு அடிக்கக் கை வரல. அவ்வளவுதான் கதை.

டிசம்பர்ல வராததுக்குக் காரணம் போன் பில்லு. ஸ்டோர் கம்ப்யூட்டர்ல லைன் குடுத்தது தினமும் சாமான் லிஸ்ட்ட ஹெட் ஆபீசுக்கு அனுப்ப. மேனேஜர் கூப்பிட்டு, "ஜூலியா, ஆணி லிஸ்ட் அனுப்ப மாசத்துக்கு இருபத்தாறு மணி நேரமா? ஒவ்வொரு ஆணிக்கும் பேரு வச்சு அனுப்புறியா?"ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். லைன புடுங்கிட்டாங்க. வேல போகல, அது பெரிய விஷயம். நீ நீர்முனையில சொன்னியே, காசு குடுத்து உக்காருற கம்ப்யூட்டர் கடை, அது எங்க ஊர்ப் பக்கம் இன்னும் வரல. அதான் காயிதம்.

பதில் லேட்டா வந்ததுக்குக் காரணம், காது எப்பவும் மேனேஜர் சப்பாத்துச் சத்தத்துல இருக்கும். கையெழுத்தப் பத்தி மட்டும் கேக்காதே.

இப்ப என் முறை. நீ ஆறாம் படிவம், யுனிவர்சிட்டிக்கு முந்தின வகுப்பு, படிக்கிறதா சொன்ன. எட்டு மாசமும் காலையில ஒம்பது மணிக்கு நீ நீர்முனையில இருந்த. திங்களும் இருந்த, புதனும் இருந்த. பள்ளிக்கூடம் எப்ப போன? நானும் கண்ண மூடிக்கிட்டு இல்ல.

நான் ஒரு பொய்ய வெளிய எடுத்து வச்சிட்டேன். நீயும் ஒண்ணு எடு. அக்கான்னு போடாம எழுதியிருந்த பாரு, அத ரெண்டு தடவ படிச்சேன்.

ஜூலியானா


ஜார்ஜ் டவுன்
25 ஜனவரி 1997

ஜூலியானா அவர்களுக்கு,

எங்கள் பள்ளியில் இடம் போதாமல் மத்தியானம் வகுப்பு வைக்கிறார்கள். அதனால் காலையில் நேரம் கிடைத்தது. எடுத்து வைக்க என்னிடம் வேறு பொய் இல்லை.

நீங்கள் எழுதியதைப் பல தடவை படித்தேன். மேனேஜர் ஆணிக்குப் பேர் வைத்ததைப் படித்துச் சிரித்தேன். சிரித்த பிறகு பயமாகவும் இருந்தது. கொடிமுல்லையும் என்னை நன்றாகச் சிரிக்க வைத்தவர்தான். ஒரு பொய்யை ஒத்துக்கொண்டால் அடுத்ததை யாரும் தேட மாட்டார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. கையெழுத்தைப் பற்றிக் கேட்காதே என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு ஓயாமல் கேட்பது அந்த ஒரு வரிதான்.

நேரில் பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதிலும் பெரிய நம்பிக்கை இல்லை. எங்கள் வீட்டுக்கு அப்பாவின் நண்பர்கள் வருவார்கள். எல்லோரும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், துறைமுகத்தில் அப்பாவோடு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒருவருடைய மகன் டாக்டருக்குப் படிக்கிறான், ஒருவருடைய மகள் கணக்காளர். என்னைப் பார்த்து "பிள்ளை என்ன செய்யுது?" என்று கேட்பார்கள். நான் பேசுவதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவார். நான் தேத்தண்ணீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த முன்னறையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அங்கே முழு உண்மை பேசப்பட்டு நான் கேட்டதில்லை. நீர்முனையில் இருபது பேர் நடுவில் கதை சொல்வேன். இங்கே சொந்தச் சித்தப்பாவிடம் சீனி போதுமா என்று கேட்கக் குரல் வராது. எந்த இடத்தில் நான் இருக்கிறேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

இருந்தாலும் ஒரு முறை பார்த்துவிடலாம். சீனப் பெருநாளும் நோன்புப் பெருநாளும் முடியட்டும். பிப்ரவரி 16, ஞாயிறு, காலை பதினொரு மணி. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கு எதிர்வரிசையில் ஒரு பூக்கடை இருக்கிறது. அங்கே மஞ்சள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நான் உங்களிடம் வருவேன்.

தயவுசெய்து தனியாக வாருங்கள்.

செல்வநாயகி


புக்கிட் மெர்தாஜாம்
3 பிப்ரவரி 1997

செல்வநாயகி,

ஆறாம் படிவத்துக்கு மத்தியானப் பள்ளிக்கூடம் இந்த மலேசியாவுல எந்த ஊர்ல இருக்குன்னு எனக்குக் காட்டு, நான் அங்க போயி ஜன்னல் தொடைக்கிறேன். போகட்டும். உன் பொய்ய நீயே வச்சுக்க.

வரேன். மஞ்சள் குடை எங்கிட்ட இல்ல, தங்கச்சி டோரதிகிட்ட இருக்கு, கெஞ்சி வாங்கணும். ஆனா ஒண்ணு கவனிச்சேன். நான் என்ன குடை பிடிக்கணும், எங்க நிக்கணும், எப்ப வரணும்னு எல்லாம் எழுதின. நீ என்ன சட்டை போட்டு வருவேன்னு ஒரு வார்த்த இல்ல. நீ என்னைப் பாக்கலாம், நான் உன்னப் பாக்க முடியாது. பிடிக்கலன்னா அப்படியே திரும்பிப் போயிடலாம், இல்லையா? சரி. நானும் சும்மா இருக்க மாட்டேன்.

முன்னாடியே சொல்லிடறேன். நீர்முனையில என்னை எப்படி எழுதி வச்சேன்னு உனக்குத் தெரியும். நெட்டையான பொண்ணு, ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், நடந்தா சத்தம் கேக்கும். அந்த மாதிரி ஆளத் தேடாதே.

ஜூலியானா


ஜார்ஜ் டவுன்
18 பிப்ரவரி 1997

ஜூலியானா அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வர முடியவில்லை. சனிக்கிழமையே காய்ச்சல் வந்துவிட்டது. அம்மா வெளியே விடவில்லை. சொல்லி அனுப்ப வழியும் இல்லை.

நீங்கள் வந்தீர்களா? வந்திருந்தால் மன்னிக்கவும். வெயில் அதிகமாக இருந்திருக்கும்.

செல்வநாயகி


புக்கிட் மெர்தாஜாம்
22 பிப்ரவரி 1997

செல்வநாயகி,

காய்ச்சல் கொறஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன்.

நான் வந்தேன். எப்படி வந்தேன்னு சொல்றேன் கேளு. காலையிலயே பஸ் ஏறி, ஃபெரி பிடிச்சு, பத்து மணிக்கெல்லாம் அங்க வந்துட்டேன். சீக்கிரம் வந்ததுக்குக் காரணம் இருக்கு. நீ என்னை ஒளிஞ்சு பாக்கப் போறேன்னு எனக்குத் தோணுச்சி. அப்ப நான் மொதல்ல ஒளிஞ்சு உன்னப் பாத்துடலாம்னு நெனச்சேன். பூக்கடைக்கு நேரா எதுக்க ஒரு துணிக்கடை. வாசல்ல பெரிய கண்ணாடி. உள்ள நின்னா ரோடு முழுக்கத் தெரியும். குடைய மடக்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டு உள்ள போயிட்டேன். சேலை பாக்குற மாதிரி நின்னுக்கிட்டு ரோட்டையே பாத்தேன்.

கொஞ்ச நேரத்துல என் முதுகுக்குப் பின்னால ஒரு பொண்ணு வந்து நின்னுச்சி. ஒல்லி, ரெட்டப் பின்னல், தலைய குனிஞ்சிக்கிட்டு. நான் இடப்பக்கம் நகந்தா அதுவும் நகருது. வலப்பக்கம் போனா அதுவும் வருது. ஒரு வார்த்த பேசல. மொதலாளி கல்லாவுல இருந்து, "என்னா தங்கச்சி, சேலை பாக்குறீங்களா ரோடு பாக்குறீங்களா?"ன்னாரு.

"ரோடு பாக்குறேன்ணே. அதுக்கு வெள்ளி குடுன்னு கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"வெள்ளி கேக்கல, அந்தக் கை ஏன் இவ்வளவு நேரமா பைக்குள்ளயே இருக்குன்னு கேக்குறேன்" அப்படின்னாரு. கடையில நாலு பொம்பளைங்க திரும்பிப் பாத்தாங்க. ஒரு ஆச்சி அவங்க கைப்பைய மாரோட அணைச்சுப் பிடிச்சாங்க.

"பாப்பா, பையப் பாரு" அப்படின்னு மொதலாளி அந்தப் பொண்ணுகிட்ட சொன்னாரு. அது என் முன்னால வந்து, "பையைக் காட்டுங்க"ன்னுச்சி. அது பேசினதே அந்த ரெண்டு வார்த்தைதான். கொசு கத்துற மாதிரி குரல்.

இப்ப நீ கேட்டதுக்குப் பதில். ஏன் என் எழுத்து இடப்பக்கம் சாயுதுன்னு கேட்ட. மூணு வருஷம் முன்னால நான் ஸ்டோர்ல இல்ல, மிஷின்ல இருந்தேன். வலது கையில மூணு விரல் போயிடுச்சி. அதுக்கப்புறம்தான் ஸ்டோர் வேல குடுத்தாங்க. எடது கையால எழுதக் கத்துக்கிட்டேன். எடது கையால ஒவ்வொரு எழுத்தாத் தேடி அடிச்சா பதில் லேட்டாதான் வரும். நீர்முனையில மட்டும்தான் எனக்கு ரெண்டு கை நெறைய வளையல். வெளிய போனா கைய பைக்குள்ள வச்சுக்குவேன். பழக்கம்.

அந்தக் கைய நாலு பொம்பளைங்க முன்னால வெளிய எடுத்தேன். பையத் தொறந்து காட்டினேன். மொதலாளி எட்டிப் பாத்துட்டு, "ஐயோ பாவம்... போம்மா, போ போ" அப்படின்னாரு. திருடின்னு சொல்லியிருந்தாகூட சண்ட போட்டிருப்பேன். பாவம்னா என்ன பண்றது?

பைக்குள்ள இருந்தது ஒரு குடை, ஒரு பணப்பை, உனக்கு வாங்கின ஒரு டப்பா மைசூர்பாகு. இவ்வளவுதான். ஆனா அந்தப் பொண்ணு இருக்குல்ல, அது குடையப் பாத்ததும் ரெண்டடி பின்னால போச்சி. நான் பாத்தேன். மஞ்சள் குடையப் பாத்து யாராவது பயப்படுவாங்களா?

பதினொரு மணிக்குப் பூக்கடைக்குப் போயிக் குடைய விரிச்சேன். ஒரு மணி வரைக்கும் நின்னேன். அப்புறம் போயிட்டேன்.

உங்கிட்ட நான் எதையும் கேக்கல. நடந்ததச் சொன்னேன்.

ஜூலியானா


ஜார்ஜ் டவுன்
28 பிப்ரவரி 1997

ஜூலியானா அக்காவுக்கு,

இப்படி எழுத எனக்கு இனி உரிமை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பூக்காரர் பன்னிரண்டு மணிக்கு உங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டார். நீங்கள் உட்காரவில்லை. இரண்டு தடவை குடையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு தண்ணீர் குடித்தீர்கள். போகும்போது மைசூர்பாகு டப்பாவைப் பூக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நான் கண்ணாடிக்கு உள்ளே நின்று எல்லாம் பார்த்தேன்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. உங்களுக்கு அது முன்பே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நான் ஆறாம் படிவம் படிக்கவில்லை. மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்வார்கள். எழுந்து நிற்பேன், சத்தம் வராது. டீச்சர் காத்திருப்பார், நாற்பது பேரும் காத்திருப்பார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வருடம். பிறகு காலையில் எழுந்தாலே வாந்தி வரும். அப்பா என்னை அடிக்கவும் செய்தார், அழவும் செய்தார். கடைசியில் போக வேண்டாம் என்றார். வெளியே எல்லோருக்கும் நான் இன்னும் படிக்கிறேன். அப்பாவின் நண்பர்கள் யாரும் அந்தத் தெருப் பக்கம் துணி வாங்க வருவதில்லை, அதனால் நீங்கள் நின்ற அந்தத் துணிக்கடையில் வேலை செய்ய விட்டார்கள்.

முதலாளி தங்கராஜு அண்ணன் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பத்து நிமிடத்துக்கு மேல் எதையும் எடுக்காமல் நிற்கிறவர் பின்னால் போய் ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டும். பேசக் கூடாது. பேசினால் சண்டையாகிவிடும், சும்மா நின்றால் அவர்களே போய்விடுவார்கள் என்பார். மற்றப் பிள்ளைகளுக்கு வாய் சும்மா இருக்காது. என்னை அவர் வேலைக்கு எடுத்ததே நான் பேச மாட்டேன் என்பதற்காகத்தான். தினமும் ஐந்தாறு பேர் பின்னால் நிற்கிறேன். கடையின் மாடியில் அவர் மச்சான் மூன்று கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். காலையில் கடை திறப்பதற்கு முன் அந்த அறையைக் கூட்டித் துடைத்தால் ஒரு மணி நேரம் காசு வாங்காமல் உட்கார விடுவார். அப்படித்தான் உங்களிடம் வந்தேன்.

பூக்கடையை நான் சொன்னது கடைக்குள் இருந்து உங்களைப் பார்க்கத்தான். ஆணாக இருந்தால் வெளியே வராமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். உங்களுக்கும் அதே கண்ணாடி தோன்றும் என்று நான் நினைக்கவில்லை. அன்று உங்கள் பின்னால் நின்றபோது என் கண் தெருவில்தான் இருந்தது, மஞ்சள் குடை வருகிறதா என்று. நீங்கள் யாரோ ஒரு ஆள், எனக்கு இடைஞ்சலாக நடுவில் நிற்கிறீர்கள் என்று எரிச்சல்கூட வந்தது.

அக்கா, நான் உங்களிடம் மூன்று கேள்வி கேட்டேன், முத்திரை, எழுத்து, நேரம் என்று. எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். பொய்யை மறைத்து வைத்திருந்தது நான்.

செல்வநாயகி


புக்கிட் மெர்தாஜாம்
7 மார்ச் 1997

செல்வநாயகி,

கடையில நீ யாருன்னு தெரியாம செஞ்சத நான் மன்னிச்சிடுவேன். மொதலாளி சொன்னாரு, செஞ்ச. பள்ளிக்கூடம் போகாததுக்கு எங்கிட்ட மன்னிப்பே கேக்க வேணாம், நானும் நாலாம் படிவத்தோட மிஷினுக்குப் போனவதான்.

எனக்கு வேற ஒண்ணு உறுத்துது. குடையப் பாத்த ஒடனே உனக்குத் தெரிஞ்சிடுச்சி. அதுக்கப்புறம் ரெண்டரை மணி நேரம். அந்த ரோடு எத்தன அடி அகலம்? நான் வெயில்ல நின்னேன், நீ கண்ணாடிக்குப் பின்னால நின்ன. என் கையப் பாத்துட்டு, இவ வேணாம்னு முடிவு பண்ணினியா? எட்டு மாசம் அக்கா அக்கான்னது அந்த வளையல் போட்ட கைக்கா?

வெக்கம், குரல் வரலன்னு எழுதாதே. அது எனக்கு முன்னாலயே தெரியும். வேற பதில் இருந்தா எழுது. இல்லன்னா எழுதாதே.

ஜூலியானா


ஜார்ஜ் டவுன்
13 மார்ச் 1997

அக்கா,

வெட்கம் என்று எழுத வேண்டாம் என்றீர்கள். இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

உங்கள் கையைப் பார்த்தபோது நான் முதலில் நினைத்தது: 'நல்லவேளை, திருடி இல்லை. இன்றைக்குத் திட்டு விழாது.' அவ்வளவுதான். பாவம் என்றுகூட நினைக்கவில்லை. அதற்கு அடுத்து குடையைப் பார்த்தேன். அப்போது நினைத்தது இன்னும் மோசம். 'இவருக்கு இப்போது என்னைத் தெரிந்துவிடும்' என்று நினைத்தேன். உங்கள் கை என் மனதில் இல்லை. என் நிறம் போன கவுன், என் பல், பாப்பா என்று கூப்பிடப்படுகிற நான், அடுத்தவர் முதுகில் நின்று வேலை செய்கிற நான். கலங்கரை விளக்கம் கட்டிய மீன்கொத்தி இதுதானா என்று நீங்கள் பார்த்துவிடுவீர்கள். நீங்கள் என்னை வேண்டாம் என்று சொல்வதற்கு முன் நான் ஒளிந்துகொண்டேன். தெரு பதினைந்து அடி இருக்கும். நான் தாண்டாததற்குக் காரணம் இதுதான். உங்கள் கை இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் என்னை வெறுப்பீர்கள். எனக்கு உங்கள் முகம் தெரியாது. கடையில் நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தெருவில் நின்றபோது குடை மறைத்தது. எட்டு மாதம் முகம் தெரியாமல் பேசினேன். பிறகு ஒரு முழம் தள்ளி நின்றும் பார்க்கவில்லை. எது பெரிய குருடு என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மாதம் 23ஆம் தேதி குருத்தோலை ஞாயிறு என்று காலண்டரில் போட்டிருக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவிலுக்கு வருகிறேன். தமிழ்ப் பூசை முடிகிற நேரம் எது என்று தெரியாது, அதனால் காலை ஒன்பது மணிக்கே வந்துவிடுவேன். நான் தனியாக ஃபெரி ஏறியதில்லை. வீட்டில் கடைக்குப் போவதாகச் சொல்ல மாட்டேன், புக்கிட் மெர்தாஜாமுக்கு ஒரு அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லப்போகிறேன். விடுவார்களா தெரியாது. விடாவிட்டாலும் வருவேன்.

நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, ரெட்டைப் பின்னல். கோவில் வாசலில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் நிற்பேன். உங்களுக்கு என்னைத் தெரியும், எனக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் என்னை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். கூப்பிட வேண்டும் என்று தோன்றினால் கூப்பிடுங்கள். தோன்றாவிட்டால் ஒரு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டு எழுத மாட்டேன்.

செல்வநாயகி


அன்னம்மாள் கோவில், புக்கிட் மெர்தாஜாம்
23 மார்ச் 1997, ஞாயிறு

செல்வநாயகி,

இது தபால்ல வராது. கோவிலுக்குப் பக்கத்துப் பங்கு மண்டபத்து ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உக்காந்து எழுதுறேன். ஒம்பது மணியில இருந்து உன்னப் பாத்துக்கிட்டு இருக்கேன். இப்ப பத்தே முக்கால்.

நீ நெசமாவே வருவேன்னு நான் நம்பல. வந்தாலும் ஓரமா, மரத்துப் பின்னால நிப்பேன்னு நெனச்சேன். நட்ட நடுவுல நிக்கிற. வெயில் அடிக்குது, நகர மாட்டேங்குற. அறிவிப்புப் பலகைய மூணு தடவ படிச்சிட்ட, அதுல சீன எழுத்துதான் இருக்கு. பூசை முடிஞ்சி ஜனம் ஓலையோட வெளிய வந்தப்ப ஒவ்வொரு பொம்பள கையா பாத்த. அப்புறம் என்னமோ நெனப்பு வந்த மாதிரி கண்ண மேல தூக்கி, ஒவ்வொருத்தர் முகமா பாக்க ஆரம்பிச்ச. ஒரு பாட்டி உங்கிட்ட வந்து, "யாரம்மா நீ, யாரத் தேடுற?"ன்னு கேட்டாங்க. உன் வாய் அசைஞ்சத நான் பாத்தேன். என்ன சொன்னேன்னு இங்க கேக்கல. அந்தப் பாட்டி எங்க சின்னம்மா பாட்டிதான். உள்ள வந்து, "ஜூலியா, உன் தங்கச்சின்னு ஒண்ணு வெளிய நிக்குது, உனக்கு டோரதி ஒருத்திதானே?"ன்னு கேட்டாங்க.

கோவம் முழுசாப் போச்சுன்னு சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்சம் நிக்க வைக்கலாம்னுகூடத் தோணுது. ஆனா வெயில்ல நிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

இத நானே கொண்டு வந்து உன் கையில குடுக்கிறேன், வலது கையாலதான் குடுப்பேன். நீ குனிஞ்சுதான் படிப்ப. படிச்சு முடிக்கிற வரைக்கும் முன்னாலயே நிப்பேன், ஒரு முழம் தள்ளி. நானும் பேச மாட்டேன்.

இதோட காயிதம் முடியுது. தலைய நிமித்து.

ஜூலியானா